டிஸ்டார்ஷன் கிட்டார்: தனியாகக் கேட்டால் அட்டகாசம், டிரம்ஸோடு சேர்ந்தால் கொழகொழ. தெளிவு வர என்ன வழி?

கே.ஆர்.புரம்_ரிஃப் | வெள்ளி, இரவு 11:52

வணக்கம் நண்பர்களே. பெங்களூரு கே.ஆர்.புரத்தில் ஒற்றை அறையில் தங்கியிருக்கிறேன். வேலை முடிந்து வந்து இரவில் சொந்தப் பாட்டு ஒன்றை ரெக்கார்ட் செய்துகொண்டிருக்கிறேன். தமிழ் வரிகள், கனமான ராக். கிட்டாரை மட்டும் ஓட்டிக் கேட்டால் அட்டகாசமாக இருக்கிறது. டிரம்ஸையும் பேஸையும் சேர்த்த உடனே எல்லாம் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியில்) எந்த நோட் போகிறது என்று கேட்பவருக்குப் புரியவில்லை. கோரஸில் இன்னும் மோசம்.

செட்டப்: இரண்டு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) உள்ள கிட்டார், 10-46 கம்பி, ஸ்டாண்டர்ட் டியூனிங். இரண்டு இன்புட் இன்டர்ஃபேஸ். ரெக்கார்டிங் மென்பொருள் ரீப்பர். ஆம்புக்கு நியூரல் ஆம்ப் மாடலர் (நிஜ ஆம்பின் ஒலியைக் கணினியில் தரும் ப்ளக்கின்), அதில் ஹை கெய்ன் ஆம்ப் ஒன்றை கெய்ன் 8-இல் வைத்து எடுத்த கேப்சர் (அந்த ஆம்ப் ஒலியின் நகல்). அதில் பேஸ் 7, மிட் 3, ட்ரெபிள் 7. பின்னால் 4x12 கேப் ஐ.ஆர். (ஸ்பீக்கர் பெட்டியையும் அதன் முன் வைத்த மைக்கையும் நகலெடுத்த கோப்பு). ஒரு டேக்கை காப்பி செய்து ஒன்றை இடது ஓரம், இன்னொன்றை 15 மில்லிசெகண்ட் தள்ளி வலது ஓரம் வைத்திருக்கிறேன். கோரஸில் ஓப்பன் கார்டுகள்: இ மைனர், ஜி, சி, டி.

டிஸ்டார்ஷன் நிறைய வேண்டும், ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாகவும் கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வருமா, இல்லை வேறு ப்ளக்கின் வாங்க வேண்டுமா? வாசிப்பதை நிறுத்தினால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சலும் இருக்கிறது.

ஈயப்பற்று | சனி, காலை 7:10

முதலில் இரைச்சல். டிஸ்டார்ஷன் சிறிய சத்தத்தையெல்லாம் தூக்கிப் பெரிதாக்கும், அதனால் இதைச் சரி செய்யாமல் டோனைப் பற்றிப் பேசுவது வீண்.

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் போய்விட்டால் காரணம் சார்ஜர்தான், ரெக்கார்ட் செய்யும் நேரத்துக்கு பேட்டரியே போதும். அடுத்து மின்விசிறி. சுற்றிக்கொண்டே போகும் பழைய குமிழ் ரெகுலேட்டர் என்றால் விசிறியை முழு வேகத்தில் வையுங்கள் அல்லது நிறுத்துங்கள். அந்த ரெகுலேட்டர் மின்சார அலையை வெட்டி வெட்டிக் கொடுப்பதால் 'ஜ்ஜ்ஜ்' என்ற பஸ் வரும். வீட்டில் விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால், கரண்ட் போன நேரத்தில் எடுத்த டேக்கிலெல்லாம் அதே பஸ் இருக்கும்.

கம்பியைத் தொட்டதும் சத்தம் குறைகிறதா? அது இயல்பு. அறையில் உள்ள மின் இரைச்சலை உங்கள் உடம்பு பிடித்து பிக்கப்புக்குக் கொடுக்கிறது, கம்பியைத் தொட்டால் அது எர்த்துக்குப் போய்விடுகிறது. ஹம்பக்கர் 50 ஹெர்ட்ஸ் ஹம்மை அடித்துவிடும், இந்த பஸ்ஸை முழுதாக அடிக்காது.

கடைசியாக, பழைய கட்டடங்களில் ப்ளக் பாயிண்டின் மூன்றாவது ஓட்டை பெயருக்குத்தான் இருக்கும், உள்ளே எர்த் வந்திருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரைச்சல் போகும் என்று யாராவது எர்த் பின்னை உடைக்கச் சொன்னால் கேட்காதீர்கள், உயிருக்கு ஆபத்து. கேபிள் சந்தேகமாக இருந்தால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் நல்ல ஷீல்டு கம்பியும் ஜாக்கும் வாங்கி நீங்களே பற்றவைக்கலாம்.

மிட்ஸ்_வேண்டும் | சனி, காலை 10:34

தம்பி, நீங்கள் கொடுத்த விவரத்திலேயே எல்லாம் இருக்கிறது. புது ப்ளக்கின் தேவையில்லை, கையில் இருப்பது நல்ல கருவி. நியூரல் ஆம்ப் மாடலர் இலவசம், அதை வைத்துக்கொண்டே முழு ஆல்பம் முடிக்கலாம்.

முதல் விஷயம், கெய்ன். டிஸ்டார்ஷன் என்பது அலையின் உச்சியை வெட்டுவது. வெட்ட வெட்ட புது ஹார்மானிக்ஸ் பிறக்கும், சத்தத்தின் ஏற்ற இறக்கம் தட்டையாகும். பிக் கம்பியில் படும் அந்த முதல் 'டக்'தான் நோட் எங்கே தொடங்குகிறது என்று காதுக்குச் சொல்கிறது. கெய்ன் அதிகமானால் அந்த 'டக்'கும் அதன் பின்னால் வரும் நீளமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. இதே ஆம்பை கெய்ன் 4 அல்லது 5-இல் வைத்து எடுத்த கேப்சரைத் தேடுங்கள். தனியாகக் கேட்கும்போது 'போதாதே' என்று தோன்றும். பேஸ் கிட்டாரும் பக்கத்தில் இன்னொரு டேக்கும் சேர்ந்ததும் கனம் தானாக வரும்.

இன்டர்ஃபேஸில் இருக்கும் கெய்ன் குமிழும் இந்தக் கணக்கில் சேர்த்தி. அதைக் கூட்டினால் மாடலருக்குப் போகும் சிக்னல் கூடுகிறது, டிஸ்டார்ஷனும் கூடுகிறது. இன்ஸ்ட் (இன்ஸ்ட்ருமென்ட்) பட்டனைப் போட்டு, பலமாக அடிக்கும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி வையுங்கள். லைன் இன்புட்டில் செருகினால் பிக்கப்பின் மேல் சுமை ஏறி ட்ரெபிள் மங்கும். கிட்டாருக்கு 1 மெகாஓம் அளவில் இன்புட் வேண்டும்.

இரண்டாவதுதான் இந்த இழையில் முக்கியமானது. கிட்டார் சிக்னலில் உள்ள பேஸை, அதாவது கீழ் ஒலிகளை, டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வெட்டுங்கள்.

கீழ் இ கம்பி 82 ஹெர்ட்ஸ். பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை லேசாக அமுக்கி வாசிப்பது) அடிக்கும்போது 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை பெரிய அலை ஒன்று கிளம்புகிறது. மேலே உள்ள சின்னச் சின்ன அலைகளெல்லாம் அதன் முதுகில் ஏறிக்கொண்டுதான் ஆம்புக்குள் போகின்றன. பெரிய அலை உச்சிக்குப் போய் வெட்டுப்படும்போது அவையும் சேர்ந்து வெட்டுப்படுகின்றன. கொழகொழ சத்தம் பிறப்பது அங்கேதான். உங்கள் மாடலரில் இருக்கும் பேஸ் குமிழ் ஆம்புக்குப் பின்னால் வேலை செய்கிறது. அதைக் குறைத்தால் சத்தம் மெலியும், கொழகொழ போகாது.

ஆகவே மாடலருக்கு முன்னால் ஒரு ரீஈக்யூ (ரீப்பரோடு வரும் ஈக்வலைசர்) போடுங்கள். ஹை பாஸ் ஃபில்டரை (குறித்த அளவுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டுவது) 80 ஹெர்ட்ஸில் தொடங்கி, பாம் மியூட் ரிஃப்பை லூப்பில் ஓடவிட்டு மெல்ல மேலே கொண்டுபோங்கள். ஓர் இடத்தில் 'தொம் தொம்' என்றிருந்தது 'ஜுக் ஜுக்' என்று இறுகும். பெரும்பாலும் 120க்கும் 160க்கும் நடுவில் வரும். அங்கே நிறுத்துங்கள். மெட்டல் வாசிப்பவர்கள் ஏற்கெனவே கெய்ன் நிறைந்த ஆம்புக்கு முன்னால் ட்யூப் ஸ்க்ரீமர் பெடலை டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு என்று வைப்பது இதற்காகத்தான். அந்தப் பெடல் 720 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மிட்டைத் தூக்கி, அதற்குக் கீழே இருப்பதைக் குறைவாகவே தள்ளுகிறது.

காப்பி செய்த டேக் பற்றி சாயங்காலம் எழுதுகிறேன்.

பிளக்கின்_பெட்டி | சனி, பகல் 12:05

முன்னால் வெட்ட வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. மிக்ஸில் கடைசியாக 100 ஹெர்ட்ஸில் ஹை பாஸ், 300 பக்கத்தில் ஒரு கட், மேலே 8 கிலோஹெர்ட்ஸில் லோ பாஸ் போட்டாலே சுத்தமாகிவிடும். நான் எல்லாப் பாட்டிலும் அப்படித்தான் செய்கிறேன். கிட்டாரில் இருந்து வரும் சிக்னலை முழுதாக ஆம்புக்குக் கொடுப்பதுதான் இயற்கையான டோன்.

மிட்ஸ்_வேண்டும் | சனி, பகல் 12:41

பெட்டி சார், நீங்கள் சொல்லும் ஈக்யூவும் வேண்டும், நானும் போடுகிறேன். ஆனால் அது இதற்கு மாற்று ஆகாது. 110 ஹெர்ட்ஸ் நோட் ஒன்று டிஸ்டார்ஷனுக்குள் போனால் 220, 330, 440, 550 என்று மேலே மேலே ஹார்மானிக்ஸ் கிளம்புகின்றன. நீங்கள் பின்னால் 100 ஹெர்ட்ஸில் வெட்டும்போது அவை ஏற்கெனவே மிட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. அவற்றை வெட்டினால் கிட்டாரே போய்விடும்.

ஒரே டி.ஐ. டிராக்கை (ஆம்புக்குப் போகும் முன் நேராகப் பதிவான கிட்டார் சிக்னல்) இரண்டாகப் போட்டு, ஒன்றில் முன்னால் மட்டும், இன்னொன்றில் பின்னால் மட்டும் அதே 140 ஹெர்ட்ஸ் ஹை பாஸைப் போடுங்கள். சத்த அளவைச் சமமாக்கிக் கேளுங்கள். பாம் மியூட்டில் வித்தியாசம் உடனே தெரியும்.

ப்ளூஸ் மாதிரி லேசான கிரஞ்ச் என்றால் முழு சிக்னலும் போகட்டும், அங்கே நீங்கள் சொல்வது சரி. தம்பி கேட்பது கனமான ரிஃப்.

அல்சூர்_வால்வு | சனி, மாலை 4:20

ப்ரோ, நான் நிஜ ஆம்ப் கட்சி. 15 வாட் வால்வு ஆம்ப், எதிரே ஒரு ஷூர் எஸ்.எம்.57 மைக், அவ்வளவுதான். ஆனால் கே.ஆர்.புரத்தில் இரவு 11 மணிக்கு அதைத் திறந்தால் மறுநாள் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார், அதனால் உங்களுக்கு மாடலரே நல்லது. அல்சூரில் என் வீட்டிலேயே பகலில் மட்டும்தான் வாசிக்கிறேன், பீரோ நிறையத் துணி இருக்கும் அறையில்.

மைக் வைத்துப் பழகியதில் ஒன்று சொல்கிறேன், ஐ.ஆர். தேர்ந்தெடுக்க உதவும். ஸ்பீக்கரின் நடுவில் இருக்கும் குமிழுக்கு நேராக மைக்கை வைத்தால் கூர்மையான 'ஸ்ஸ்' வரும். இரண்டு விரல் தள்ளி, குமிழும் கோனும் சேரும் வளையத்துக்கு நேராகக் கொண்டுவந்தால் அந்த 'ஸ்ஸ்' பாதியாகிவிடும், நோட் முன்னால் வரும். இன்னும் ஓரத்துக்குப் போனால் மங்கல். ஐ.ஆர். கோப்புகளின் பெயரிலேயே மைக் எங்கே இருந்தது என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். நடுக் குமிழில் எடுத்ததை விட்டுவிட்டு, குமிழின் விளிம்பில் எடுத்ததைப் போட்டுப் பாருங்கள். ஈக்யூவில் மணிக்கணக்காகத் தேடுவதை ஐ.ஆர். மாற்றுவதிலேயே முடித்துவிடலாம். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே சட்டென்று சரியும். ஐ.ஆர். இல்லாமல் டிஸ்டார்ஷனைக் கேட்டால் காது கூசுவது அந்தச் சரிவு இல்லாததால்தான்.

மிட் 3 என்று வைத்திருக்கிறீர்களே, அதையும் கவனியுங்கள். பேலஸ் கிரவுண்டில் 2007-இல் அயர்ன் மெய்டன், 2011-இல் மெட்டாலிகா என்று இந்த ஊர் கேட்ட சத்தத்தை எல்லோரும் அறைக்குள் கொண்டுவரப் பார்க்கிறோம். சத்தம் பெரிதாக இருக்கும்போது காதுக்கு பேஸும் ட்ரெபிளும் தூக்கலாகக் கேட்கும், மெதுவாக வைத்தால் இரண்டும் தணிந்துவிடும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். இரவில் மெதுவாகக் கேட்டு டோன் செட் பண்ணினால் கை தானாக பேஸையும் ட்ரெபிளையும் கூட்டி மிட்டைக் குறைக்கும். கிட்டார் வாழ்வதே மிட்டில். 5 அல்லது 6-க்குக் கொண்டுபோங்கள்.

மிட்ஸ்_வேண்டும் | சனி, மாலை 6:55

வால்வு அண்ணா சொன்ன கடைசிப் பத்திக்கு என் ஓட்டு.

இப்போது டபுள் டிராக். ஒரே டேக்கை காப்பி செய்து இரண்டு பக்கமும் வைத்தால் அது மோனோதான், நடுவில்தான் கேட்கும். அதை 15 மில்லிசெகண்ட் தள்ளினால் அகலம் வருகிற மாதிரி இருக்கும், ஆனால் ஃபோன் ஸ்பீக்கரில் இரண்டும் சேரும்போது ஏறக்குறைய 67 ஹெர்ட்ஸ் இடைவெளிக்கு ஒரு பள்ளம் என்று மேலே வரைக்கும் ஒலி அரிக்கப்பட்டுவிடும். குழாய்க்குள் இருந்து வாசிக்கிற மாதிரி கேட்கும். நீங்கள் கொழகொழ என்று சொல்வதில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம்.

இரண்டு தடவை தனித்தனியாக வாசியுங்கள். ஒன்று முழு இடது, ஒன்று முழு வலது. கை ஒவ்வொரு அடியிலும் இம்மி இம்மியாக மாறும், அந்த மாற்றம்தான் அகலம். நடு காலியாகிறது, அங்கே குரலும் கிக் டிரம்மும் பேஸும் நிம்மதியாக உட்காரும்.

இரண்டாவது டேக் வாசிக்கும்போது எல்லோரும் தொடக்கத்தைத்தான் பார்ப்பார்கள். முடிவைப் பாருங்கள். ரிஃப்பில் ஒரு நிறுத்தம் வருகிறது, இடது கிட்டார் சரியாக நிற்கிறது, வலது கிட்டார் கால் நொடி இழுத்து நிற்கிறது. அந்த இழுவை கேட்பவருக்கு ரீவெர்ப் போட்ட மாதிரி, அழுக்காகத் தெரியும். இரண்டு கையாலும் கம்பியை அமுக்கி, இரண்டு டேக்கும் ஒரே கணத்தில் நிற்க வேண்டும். அந்த மௌனம் சுத்தமாக இருந்தால் அடுத்து வரும் நோட் இரண்டு மடங்கு பலமாகக் கேட்கும். நாய்ஸ் கேட் (வாசிப்பு நின்றதும் ஒலியை மூடிவிடுவது) போடலாம், ஆனால் டி.ஐ. சிக்னலைப் பார்த்துத் திறந்து மூடுகிற மாதிரி போடுங்கள். டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் தனியாகப் போட்டால் எங்கே மூடுவது என்று அதற்கே தெரியாது.

நான்கு டேக் போட ஆசை வந்தால் ஒவ்வொன்றிலும் கெய்னை இன்னும் குறைக்க வேண்டும். உங்கள் பாட்டுக்கு இரண்டே போதும் என்பது என் எண்ணம்.

ஸ்ருதி_ஃப்ரெட் | சனி, இரவு 9:18

கோரஸ் ஏன் இன்னும் மோசம் என்று யாரும் சொல்லவில்லையே. நான் கர்நாடக சங்கீதம் கற்றுவிட்டு கிட்டாருக்கு வந்தவன், அந்தப் பக்கமிருந்து சொல்கிறேன்.

டிஸ்டார்ஷனுக்குள் இரண்டு ஸ்வரம் சேர்ந்து போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புது ஸ்வரங்களாக வெளியே வரும். ச-வும் ப-வும் மட்டும் சேர்ந்த பவர் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் இ 82.4 ஹெர்ட்ஸ், பி 123.5 ஹெர்ட்ஸ். கழித்தால் 41.1, அது இ-க்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள இ. அதாவது ச-வும் ப-வும் சேர்ந்து கீழ் ச-வைப் பிறப்பிக்கின்றன. அதனால்தான் பவர் கார்ட் எவ்வளவு டிஸ்டார்ஷனிலும் கம்பீரமாக நிற்கிறது.

இப்போது ஜி மேஜர். அதில் இருக்கும் பி ஸ்வரம் அந்தர காந்தாரம். தம்பூராவில் தானாக எழும் அந்தர காந்தாரத்தைவிட ஃப்ரெட்டில் கிடைக்கும் காந்தாரம் சுமார் 14 சென்ட் தூக்கல் (ஒரு ஃப்ரெட் தூரம் 100 சென்ட்). பஞ்சமத்தில் அந்த வித்தியாசம் 2 சென்ட்தான். க்ளீன் டோனில் 14 சென்ட்டைக் காது பொறுத்துக்கொள்ளும். டிஸ்டார்ஷனில் கூட்டலும் கழித்தலும் சேர்ந்து ஒன்றோடொன்று உரசும், கரகரப்பு வரும். ஆறு கம்பியும் ஒலிக்கும் ஓப்பன் ஜி-யில் இப்படி எத்தனை ஜோடி என்று எண்ணிப் பாருங்கள்.

கோரஸில் இரண்டு கிட்டாரும் பவர் கார்ட் மட்டும் வாசிக்கட்டும். காந்தாரம் கட்டாயம் வேண்டுமென்றால் மூன்றாவதாக ஒரு டிராக் போட்டு அதில் காந்தாரத்தை மட்டும் ஒற்றைக் கம்பியில் வாசியுங்கள். வேறு வேறு ஆம்பில் போவதால் அவை உள்ளே உரசாது, வெளியே காற்றில்தான் சேரும். மேஜர், மைனர் குணம் அப்படியே வந்துவிடும். டியூனிங்கை ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும் பாருங்கள், கம்பி பழசாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

மிட்ஸ்_வேண்டும் | சனி, இரவு 9:40

ஸ்ருதி, இந்த 14 சென்ட் கணக்கை இவ்வளவு தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை. நன்றி. காந்தாரத்தைத் தனி டிராக்கில் பிரிப்பதை நானும் செய்கிறேன், பலன் உண்டு.

நாலு_கம்பி | ஞாயிறு, காலை 9:03

பேஸ் வாசிப்பவன் பேசுகிறேன். கிட்டாரில் நீங்கள் தேடும் கனத்தில் பாதி என் கையில் இருக்கிறது. கிட்டாரை 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எனக்கு விட்டுக்கொடுங்கள். பேஸ் டிராக்கை இரண்டாக்கி, ஒன்றை 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே சுத்தமாக வைத்து நன்றாக கம்ப்ரஸ் செய்யுங்கள். இன்னொன்றில் 500 ஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும் எடுத்து டிஸ்டார்ஷன் போட்டுக் கொஞ்சமாகக் கலந்துவிடுங்கள். அது கிட்டாரோடு ஒட்டிக்கொள்ளும், கேட்பவருக்கு ஒரே பெரிய கிட்டார் மாதிரி இருக்கும். பேஸைப் பிக் வைத்து வாசிப்பது இந்த வகைப் பாட்டுக்கு நல்லது.

கே.ஆர்.புரம்_ரிஃப் | ஞாயிறு, இரவு 10:26

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரைச்சலில் பெரும்பங்கு சார்ஜர்தான், பேட்டரியில் ஓட்டினால் காணாமல் போகிறது. எர்த் பார்க்க வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

கெய்ன் 5-இல் எடுத்த கேப்சர் போட்டேன். முன்னால் ஹை பாஸை மெல்ல ஏற்றிக்கொண்டே வந்தபோது 140 பக்கத்தில் மிட்ஸ் அக்கா சொன்ன 'ஜுக் ஜுக்' சட்டென்று வந்தது. மிட் 6. ஐ.ஆரைக் குமிழின் விளிம்பில் எடுத்ததாக மாற்றினேன். வெர்ஸ் ரிஃப்பை இரண்டு டேக்காக வாசித்து முடித்தாயிற்று, டிரம்ஸோடு கேட்டால் ஒவ்வொரு நோட்டையும் எண்ணலாம். கோரஸ் இனிமேல்தான்.

இரண்டு சந்தேகம். ஓரமாக ஒரு மெல்லிய விசில் மாதிரி சத்தம் தொடர்ந்து கேட்கிறது, முன்பு கொழகொழவில் தெரியவில்லை. அப்புறம் சோலோ. நடுவில் வைத்தால் ரிதம் கிட்டார் அதை மூடிவிடுகிறது, சத்தத்தைக் கூட்டினால் பாட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது.

அல்சூர்_வால்வு | ஞாயிறு, இரவு 10:50

விசில் எல்லா ஹை கெய்ன் டோனிலும் இருக்கும். ஈக்யூவில் குறுகலான ஒரு பேண்டை 10 டெசிபல் தூக்கி 3 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் வரை மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் காதைக் குத்தும், அங்கே 4 அல்லது 5 டெசிபல் இறக்கிவிடுங்கள். ஒன்று, மிஞ்சினால் இரண்டு இடம் போதும். அதற்கு மேல் வெட்டினால் டோன் செத்துவிடும்.

மிட்ஸ்_வேண்டும் | ஞாயிறு, இரவு 11:15

சோலோவுக்கு: ரிதம் டோனையே போடாதீர்கள். ஐ.ஆரை மாற்றுங்கள், மிட்டை இன்னும் ஒரு படி தூக்குங்கள், கெய்ன் கொஞ்சம் கூடலாம், ஒற்றை நோட்தானே, உரச ஆள் இல்லை. ட்ரெபிளைக் கூட்ட வேண்டாம். பிறகு சோலோ ஓடும் நேரத்துக்கு மட்டும் இரண்டு ரிதம் டிராக்கிலும் 1 முதல் 2 கிலோஹெர்ட்ஸ் வரை அகலமாக 2 டெசிபல் இறக்கி, சோலோ முடிந்ததும் பழையபடி ஏறுகிற மாதிரி ஆட்டோமேஷன் எழுதுங்கள். சோலோவின் சத்தத்தைத் தொடவே வேண்டியிருக்காது. டிலே போட்டால் அதன் திரும்பல்களில் 300க்குக் கீழேயும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிடுங்கள், நோட்டோடு மோதாமல் பின்னால் நிற்கும்.

டி.ஐ. டிராக் எதையும் அழித்துவிடாதீர்கள். கோரஸ் முடிந்ததும் ரிதம் டி.ஐ. இரண்டையும் இங்கே ஏற்றுங்கள். வால்வு அண்ணா பகலில் அதைத் தன் ஆம்பில் ஓட்டி மைக் வைத்துத் தருவார் என்றால், மாடலர் டோனோடு பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

அல்சூர்_வால்வு | ஞாயிறு, இரவு 11:22

தருகிறேன். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக ஏற்றுங்கள், ஈக்யூ எதுவும் இல்லாமல். ஹை பாஸை இங்கே பெடலிலேயே பார்த்துக்கொள்கிறேன்.